ஏர் பிரேக்கின் கதை: காற்று இருந்தும் நிற்காத வண்டி

(ஒலிபரப்பான எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சத்தத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். சிக்னலில் நிற்கிற லாரி கிளம்பும்போது 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க. பிரேக்கைப் பிடித்து வைத்திருந்த காற்று வெளியே போகிற சத்தம் அது. காற்றை அடைத்து வைத்து வண்டியை நிறுத்தலாம் என்று மனிதர்கள் கண்டுபிடித்து 150 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த 150 வருஷக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். ஆனா கண்டுபிடித்தவர்களைப் பற்றி மட்டும் பேசினால் கதை பாதியில் நின்றுவிடும். அந்தப் பிரேக்கை தினமும் காலையில் படுத்துப் பார்த்தவர்களும் இதில் இருக்காங்க.

எங்க அப்பா லாரி டிரைவர். ஊர் சங்ககிரி பக்கம். பள்ளிக்கூட லீவு விட்டால் சில சமயம் என்னையும் கூட்டிக்கிட்டுப் போவார். லோடு ஏற்றின மறுநாள் காலையில் வண்டி கிளம்புவதற்கு முன்னாடி ஒரு வேலை நடக்கும். முதலில் வீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை போடுவார். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுவார். ஏர் கேஜில் முள் ஏறியிருக்கா என்று பார்த்துவிட்டு இன்ஜினை அணைப்பார். அப்புறம் ஒரு சாக்பீஸோட வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். நான் டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்து பெடலை மிதிக்கணும்.

"மிதி கண்ணு. நல்லா மிதி. அப்படியே புடி."

கொஞ்ச நேரம் சத்தமே வராது. அப்புறம், "விடு. அடுத்தது."

ஒவ்வொரு வீலுக்கும் இப்படி. எனக்குக் கால் வலிக்கும். ஒரு தடவை கேட்டேன்: "ஏம்ப்பா, மிதிச்சா பிரேக் புடிக்குதுல்ல? அப்புறம் என்னத்தப் பாக்கறீங்க?" அப்பா வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "உன் காலுக்குத் தெரியாது கண்ணு. அதான் படுத்துப் பாக்கறேன்."

அந்த வயதில் அது எனக்குப் புரியவில்லை. புரிய வைத்தது வரலாறுதான். அதற்கு முதலில் ரயிலுக்குப் போகணும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் ஒரு சரக்கு ரயிலை எப்படி நிறுத்தினாங்க தெரியுமா? டிரைவர் விசில் கொடுப்பார். பிரேக்மேன்கள் பெட்டிகளின் கூரை மேல் ஓடி, ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கிற கைச்சக்கரத்தைத் திருகுவாங்க. மழையிலும் பனியிலும், ஓடுகிற ரயிலின் கூரையில். விழுந்து செத்தவர்கள் ஏராளம்.

1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற 22 வயது இளைஞர் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். இன்ஜினில் ஒரு கம்ப்ரஸர், ஒரு காற்றுத் தொட்டி. அங்கிருந்து ரயில் முழுக்க ஒரு குழாய். டிரைவர் வால்வைத் திறந்தால் காற்று ஓடிப்போய் ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்கை அழுத்தும். நல்ல யோசனைதான். ஆனா ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குழாய் எங்கேயாவது அறுந்துவிட்டால் காற்று போய்விடும், அதோடு பிரேக்கும் போய்விடும். பிரேக் ரொம்பத் தேவைப்படுகிற நேரத்தில்தான் அது இல்லாமல் போகும்.

மூணு வருஷம் கழித்து, 1872-ல், வெஸ்டிங்ஹவுஸ் அதையே தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு காற்றுத் தொட்டி, கூடவே டிரிபிள் வால்வு என்று ஒரு வால்வு. நீளக் குழாயில் எப்போதும் காற்று நிறைந்திருக்கும். அந்த அழுத்தம் குறைந்தால், அந்தந்தப் பெட்டியின் தொட்டியில் இருக்கிற காற்று பாய்ந்து பிரேக்கைப் பிடிக்கும். டிரைவர் வேண்டுமென்றே குறைத்தாலும் சரி, குழாய் அறுந்து தானாகக் குறைந்தாலும் சரி. அதாவது, காற்று போனால் வண்டி நிற்கும். இதற்குத்தான் தானியங்கி பிரேக் என்று பேர்.

இந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சோக சாட்சி இருக்கு. 1889 ஜூன் 12, அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊர். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளையும் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுலா ரயில் மேடு ஏறியது. இன்ஜினால் இழுக்க முடியவில்லை. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோய் விட்டு வரலாம் என்று முடிவு பண்ணினாங்க. அந்த ரயிலில் இருந்தது வேக்கம் பிரேக். அதுவும் தானியங்கி இல்லாத சாதாரண வகை. இணைப்பைக் கழற்றியதும் பின்பாதிக்குப் பிரேக் போய்விட்டது. மிச்சம் இருந்தது கார்டு பெட்டியின் கை பிரேக்கும், சக்கரத்துக்குப் பின்னாடி வைத்த கற்களும்தான். முன்பாதி நகரும்போது கொஞ்சம் பின்னால் உருண்டு இடித்தது. கற்கள் நொறுங்கின. பின்பாதி சரிவில் உருண்டுபோய், பின்னால் வந்த ரயிலில் மோதியது. சுமார் 80 பேர் இறந்தாங்க. நிறையக் குழந்தைகள். அந்த வருஷமே பிரிட்டன் பயணிகள் ரயிலுக்குத் தானியங்கி பிரேக்கைச் சட்டமாக்கியது. அமெரிக்கா 1893-ல் ரயில்களுக்கு ஏர் பிரேக் கட்டாயம் என்று சட்டம் போட்டது.

இப்போ சாலைக்கு வரலாம். 1920-களில் லாரிகள் பெரிசாகிக்கொண்டே போச்சு. மனிதக் காலின் பலத்தால் நிறுத்தக்கூடிய எடையைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியில் ரயில் பிரேக் செய்துகொண்டிருந்த க்னோர் பிரெம்சே நிறுவனம் லாரிக்கும் ஏர் பிரேக் செய்ய ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1930-ல் பெண்டிக்ஸும் வெஸ்டிங்ஹவுஸும் சேர்ந்து வாகன ஏர் பிரேக்குக்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினாங்க.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ரயில் 1872-ல் கற்ற பாடத்தை லாரி முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரியில் பெடலை மிதித்தால் காற்று நேராகப் போய்ப் பிரேக்கை அழுத்தும். வெஸ்டிங்ஹவுஸின் முதல் மாதிரி மாதிரியே. தொட்டியில் காற்று இல்லையென்றால் பெடலுக்கு வேலை இல்லை. ஸ்பிரிங் பிரேக் வந்து பரவ 1950-கள், 60-கள் வரை ஆச்சு. அதில் ஒரு பலமான சுருள்வில்லைக் காற்றின் அழுத்தம் சுருட்டி வைத்திருக்கும். காற்று போனால் வில் விரிந்து பிரேக்கைப் பிடிக்கும். லாரியில் பார்க்கிங் பிரேக்கும் இதுதான், அவசரப் பிரேக்கும் இதுதான். அமெரிக்காவில் 1975-ல் வந்த ஏர் பிரேக் விதிகள், ஒரு பக்கம் காற்று போனாலும் வண்டியை நிறுத்த இன்னொரு வழி இருக்கணும் என்பதைக் கட்டாயமாக்கின.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கு. 1962-ல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் கிளேட்டன் டிவான்ட்ரே நிறுவனமும் சேர்ந்து சுந்தரம் கிளேட்டனைத் தொடங்கினாங்க. சென்னை பாடியில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் ஏர் பிரேக் பாகங்கள் தயாராச்சு. 1998-ல் அதன் பிரேக் பிரிவு, தரத்துக்காகக் கொடுக்கப்படும் டெமிங் பரிசை வாங்கியது. அங்கிருந்து வெளியே வரும் வால்வு உலகத் தரமானது. ஆனா பாடியில் இருந்து கிளம்பி லாரியில் ஏறிய பிறகு அந்த வால்வின் ஆயுள் யார் கையில் இருக்கு? அப்பா மாதிரி ஆட்கள் கையில்.

இதுவரைக்கும் சொன்ன கதை எல்லாமே ஒரே ஒரு எதிரியைப் பற்றியது. காற்று போய்விட்டால் என்ன செய்வது? அதற்கு நல்ல பதில் கிடைத்துவிட்டது. ஆனா காற்று முழுசாக இருந்தும் வண்டி நிற்காமல் போகலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு உருண்டையான டப்பா இருக்கும். அதுதான் பிரேக் சேம்பர். உள்ளே ரப்பர் டயாஃப்ரம். காற்று வந்தால் அது ஒரு தண்டை வெளியே தள்ளும். அந்தத் தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்கிற கையைத் தள்ளும். அந்தக் கை எஸ் வடிவத்தில் இருக்கிற ஒரு கேமைத் திருப்பும். கேம் பிரேக் ஷூக்களை விரித்து லைனிங்கை டிரம்மில் அழுத்தும். '30' அளவு சேம்பர் என்றால் டயாஃப்ரத்தின் பரப்பு 30 சதுர அங்குலம். ஒரு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம் கொடுத்தால் 3,000 பவுண்டு விசை கிடைக்கும். நம்ம கணக்கில் ஒண்ணேகால் டன்னுக்கு மேல்.

ஆனா அந்தத் தண்டு மொத்தமே சுமார் இரண்டரை அங்குலம்தான் வெளியே வரும். லைனிங் தேயத் தேய, டிரம்மைத் தொடுவதற்குத் தண்டு இன்னும் அதிக தூரம் வரணும். இரண்டு அங்குலம் வரைக்கும் விசை நன்றாக இருக்கும். அதைத் தாண்டினால் வேகமாகக் குறையும். கடைசியில் தண்டு சேம்பரின் எல்லையில் போய் முட்டிக்கொள்ளும். உள்ளே காற்று முழு அழுத்தத்தில் இருக்கும், கேஜில் முள் சரியாக நிற்கும், லைனிங் மட்டும் டிரம்மை அழுத்தாது. சாதாரண '30' சேம்பருக்கு இரண்டு அங்குலம்தான் வரம்பு என்று விதி இருப்பது இதனால்தான்.

இப்போ அப்பா சொன்னதுக்கு வருவோம். காரில் இருக்கிற ஆயில் பிரேக்கில் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடினால் பெடல் கீழே இறங்கும். கால் உடனே சொல்லிவிடும். ஏர் பிரேக் பெடல் வெறும் ஒரு வால்வு. லைனிங் புதுசாக இருந்தாலும் சரி, தேய்ந்து போயிருந்தாலும் சரி, காலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். "உன் காலுக்குத் தெரியாது கண்ணு" என்பதன் அர்த்தம் இதுதான். சாக்பீஸ் கோடு மட்டும்தான் உண்மையைச் சொல்லும். பெடலை மிதிப்பதற்கு முன்னாடி தண்டில் ஒரு கோடு, மிதித்த பிறகு அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஒரு அளவு.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஸ்பிரிங் பிரேக்கும் அதே தண்டைத்தான் தள்ளுகிறது. அதே ஸ்லாக் அட்ஜஸ்டர், அதே கேம். தண்டு வரம்பைத் தாண்டிப் போயிருந்தால் அவசரப் பிரேக்கும் வலுவிழந்துதான் இருக்கும். வெஸ்டிங்ஹவுஸின் யோசனை காற்றுக் கசிவில் இருந்து காப்பாற்றும். தேய்ந்த இரும்பில் இருந்து காப்பாற்றாது.

இது ஏன் சமதளத்தில் தெரியாமல் மலையில் தெரிகிறது? சூடு. தொப்பூர் கணவாயை எடுத்துக்குங்க. தருமபுரியில் இருந்து சேலம் வரும் பாதையில் நீளமான இறக்கம். அடிக்கடி விபத்து நடக்கிற இடம் என்று செய்திகளில் படித்திருப்பீங்க. டீசல் மிச்சம் பிடிக்க சில பேர் அங்கே நியூட்ரலில் இறக்குவாங்க. இன்ஜின் பிடிப்பு இல்லாததால் மொத்த பாரமும் பிரேக் மேல் விழும். டிரம் சூடாகும். பதினாறரை அங்குல இரும்பு டிரம் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விரியும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனா டிரம் லைனிங்கை விட்டு விலகுகிற அந்தச் சின்ன தூரம், கேம் வழியாகத் தண்டுக்கு வரும்போது பல மடங்காகப் பெருகும். ஏற்கெனவே வரம்பின் விளிம்பில் இருந்த தண்டு எல்லையில் முட்டிவிடும். காலையில் தாபா வாசலில் நன்றாகப் பிடித்த பிரேக், கணவாயின் நடுவில் பிடிக்காது. டிரைவர் இன்னும் அழுத்துவார். அழுத்திப் பிரயோஜனம் இல்லை.

அப்பாவின் காலை வேலையில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஏர் டேங்கின் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து தண்ணியை வெளியேற்றுவது. காற்றை அமுக்கும்போது அதில் இருக்கிற ஈரம் தண்ணியாகச் சேரும், கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் கலந்து வரும். அதை விட்டு வைத்தால் வால்வுகள் துருப்பிடிக்கும், ரப்பர் கெடும், டேங்கில் காற்றுக்கு இடம் குறையும். இன்னொன்று, இன்ஜினை அணைத்துவிட்டு அமைதியாக நின்று காது கொடுப்பது. எங்கேயாவது 'ஸ்ஸ்' என்று கேட்டால் கை வைத்துத் தேடிப் பிடிப்பார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரை எடுத்து ஸ்லாக் அட்ஜஸ்டரை டைட் வைப்பார். லைனிங் டிரம்மைத் தொடும் வரை திருகி, அப்புறம் கால் சுற்றோ அரைச் சுற்றோ பின்னாடி.

எனக்கு 13 வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்றேன். ஒரு நாள் காலையில் அப்பா அடியில் இருந்து வந்து, வண்டி எடுக்க முடியாது என்றார். பின் வீல் இரண்டிலும் தண்டு அதிகமாக வருகிறது, டைட் வைத்தாலும் நிற்கவில்லை, கேம் புஷ் தேய்ந்திருக்கு, பட்டறையில் விடணும் என்றார். முதலாளிக்குக் கோபம்.

"ஏப்பா, மூணு நாளைக்கு முன்னாடிதான டைட் வெச்சோம்? லோடு நிக்குதப்பா."

"டைட் வெச்சது நிக்கலீங்க. அதனாலதானுங்க சொல்றேன்."

இன்னொரு டிரைவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, பத்திரமாகத் திரும்பியும் வந்தார். "போயிட்டு வந்துட்டான் பாரு" என்று முதலாளி நாலு பேர் முன்னாடி சிரித்தார். அப்பாவுக்கு அந்த மாதம் இரண்டு டிரிப் காசு போச்சு. அப்புறம் அந்த வண்டியையே விட்டுவிட்டார். அப்பா சொன்னது தப்பு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். முன்கூட்டியே செய்கிற பராமரிப்பில் இருக்கிற கஷ்டமே இதுதான். அது வேலை செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததை யாருக்கும் நிரூபிக்க முடியாது.

படுத்துப் பார்க்கிற இந்த வேலையையும் இயந்திரத்திடம் கொடுத்துவிடலாமே? கொடுத்தாங்க. லைனிங் தேய்ந்தால் தானாகவே இடைவெளியைச் சரி செய்யும் தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் வந்தது. அமெரிக்காவில் 1994-ல் புது லாரிகளுக்கு அது கட்டாயமாச்சு. பிரச்சினை தீர்ந்தது என்று பல பேர் நினைத்தாங்க.

2003 ஏப்ரல் 11, பென்சில்வேனியாவில் கிளென் ராக் என்ற சிறிய ஊர். செங்குத்தான தெருவில் இறங்கிய ஒரு டிப்பர் லாரி நிற்காமல் போய் 4 கார்களில் மோதியது. உயிர்கள் போயின. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. அந்த லாரியில் தானியங்கி அட்ஜஸ்டர்கள்தான் இருந்தன. தண்டு அதிகமாக வந்தபோதெல்லாம் மெக்கானிக்குகள் அதைக் கையால் திருகிச் சரி செய்து அனுப்பியிருக்காங்க. தானாகச் சரி செய்துகொள்ள வேண்டிய சாமான் ஏன் செய்யவில்லை என்று தேடவில்லை. தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் திருகுவது ஆபத்தான பழக்கம், அது உண்மையான கோளாறை மறைத்துவிடும் என்று வாரியம் சொன்னது.

இதைப் படித்தபோது நான் அப்படியே நிறுத்திவிட்டேன். டைட் வைத்தாலும் நிற்கவில்லை என்றால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கு. எங்க அப்பா முதலாளியிடம் சொன்னதும் அதுதான். அவருடையது பழைய கை அட்ஜஸ்டர், கிளென் ராக்கில் இருந்தது தானியங்கி. ஆனா இரண்டு இடத்திலும் தண்டு சொன்ன சேதி ஒன்றுதான். ஒரு இடத்தில் கேட்டாங்க, இன்னொரு இடத்தில் வாயை அடைச்சிட்டாங்க.

இன்னைக்கு வட அமெரிக்காவில் சாலையோரச் சோதனையில் மொத்த பிரேக்குகளில் 20 சதவீதம் கோளாறு என்றால் லாரியை அங்கேயே நிறுத்திவிடுவாங்க. 10 பிரேக் இருக்கிற வண்டியில் 2 சரியில்லை என்றால் போதும். இன்ஸ்பெக்டர் அதற்குச் செய்வதும் பழைய வேலைதான்: தண்டில் கோடு, பெடலில் ஒரு மிதி, ஒரு அளவு. இந்தியாவில் 2015-ல் கனரக வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாச்சு. நல்லது. ஆனா ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். லைனிங் டிரம்மை அழுத்தவே இல்லையென்றால் அதுக்கும் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு இப்போ வயசாச்சு. வண்டி ஓட்டுவதில்லை. போன மாசம் சேலம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு பஸ் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. அப்பா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் நடந்து போய் டிரைவரிடம், "பின்னாடி இடது பக்கம் ஏர் போவுது தம்பி, பாத்துக்குங்க" என்றார். அந்தப் பையன் சலித்துக்கொள்ளவில்லை. "பாத்தர்றேனுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

நாங்க அந்த பஸ்ஸிலேயே ஏறினோம். கால் மணி நேரம் லேட்டாகத்தான் கிளம்பியது.

இந்த எபிசோடு இவ்வளவுதான். லாரி, பஸ் ஓட்டுகிற யாராவது உங்க வீட்டில் இருந்தால் அவங்ககிட்ட இதைக் கொண்டுபோய்ச் சேருங்க. அவங்க சொல்கிற கதையை எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.